பகுதி முழங்கால் மாற்றில் சமநிலை: ரோபோவா, மருத்துவரின் கையா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். இடது முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்துபோயிருக்கிறது. ஈப்போவில் பார்த்த ஓர் எலும்பு மருத்துவர், பகுதி மாற்று அறுவை போதும், அதைக் கைக்கருவிகளாலேயே நன்றாகச் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், ரோபோ உதவியோடு செய்தால்தான் மூட்டின் சமநிலை துல்லியமாக அமையும், செலவு மட்டும் கூடும் என்கிறார். இந்தச் சமநிலை என்பது என்ன? எவ்வளவு துல்லியம் வேண்டும்? கூடுதல் பணம் கொடுக்கத்தான் வேண்டுமா?

தம்பி, எலும்பு அறுவை அரங்கில் கருவிகளை எடுத்துக்கொடுக்கும் தாதியாகப் பணி ஓய்வு பெறும்வரை இருந்தவள் நான். கைக்கருவிகளால் செய்வதையும் ரோபோவைக் கொண்டு செய்வதையும் மேசைக்குப் பக்கத்தில் நின்றே பார்த்திருக்கிறேன். மருத்துவர் அல்ல என்பதால் உங்கள் அம்மாவுக்கு எது என்று முடிவு சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் என் கருத்தை மறைக்கவும் மாட்டேன். பகுதி மாற்றில் சமநிலைதான் எல்லாம். ரோபோ அதை அளந்து காட்டும், எலும்பைத் திட்டப்படி சீவவும் உதவும். ஆனால் அளக்கும் நேரத்தில் மூட்டை இழுத்துப் பிடிப்பது மருத்துவரின் கை. பணத்தை எண்ணுவதற்கு முன்னால் அந்தக் கையைப் பற்றி விசாரியுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முழங்காலுக்குள் மூன்று பகுதிகள் இருக்கின்றன. உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, முட்டிச் சில்லுக்குப் பின்னால் ஒன்று. ஆண்டுக்கணக்கில் குந்தியும் மண்டியிட்டும் சுமை தூக்கியும் வேலை செய்தவர்களுக்கு மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு அதிகம். அது பெரும்பாலும் உட்பக்கத்தில்தான் தொடங்கும். அங்கே குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசும்போது கால் வில்போல வெளியே வளையும். ஆனால் மூட்டை இருபுறமும் நடுவிலும் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்கள் பலருக்கு நல்ல நிலையிலேயே இருக்கும். பகுதி மாற்றின் அடிப்படையே இதுதான். தேய்ந்த இடத்தில் மட்டும் ஓர் உலோக மூடியும், ஓர் உலோகத் தட்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டும் வைக்கிறார்கள். மற்ற இரு பகுதிகளும், நடுவில் இருக்கும் சிலுவைத் தசைநார்களும், உட்பக்கத் தசைநாரும் அப்படியே இருக்கும்.

முழு மூட்டு மாற்றில் நிலைமை வேறு. அங்கே முன் சிலுவைத் தசைநாரைப் பொதுவாக எடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் இறுக்கமாக இருந்தால் அந்தப் பக்கத் தசைநாரைக் கொஞ்சம் தளர்த்திச் சரிக்கட்டுவதும் உண்டு. பகுதி மாற்றில் தசைநாரைத் தொடவே கூடாது. தளர்த்துவதும் இல்லை, இறுக்குவதும் இல்லை. நோய் வருவதற்கு முன் அந்தத் தசைநார் எந்த இழுவிசையில் இருந்ததோ அதே இழுவிசைக்கு அதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இருக்கும் ஒரே வழி, எலும்பை எவ்வளவு சீவுவது, எவ்வளவு தடிமனான துண்டை வைப்பது என்ற கணக்கு. அந்தக் கணக்கு மில்லிமீட்டரில் நடக்கிறது. காலை நேராக நிமிர்த்துவதுதான் சமநிலை என்று பலர் நினைக்கிறார்கள். அது நோக்கமே அல்ல. காலை மடக்கினாலும் நீட்டினாலும் தசைநார் ஒரே அளவு இறுக்கத்தில் இருப்பதுதான் சமநிலை.

ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் செய்துவிடும் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப்பாருங்கள். பால்மரப் பட்டையைச் சீவும்போது கத்தி அந்த அளவு கூடுதலாக இறங்கினால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் குறையும் என்பது அவர் கைக்குத் தெரியும். முழங்காலிலும் அளவு அவ்வளவு நெருக்கம்தான். உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், பிளாஸ்டிக் துண்டின் தடிமனில் ஒரு மில்லிமீட்டர் கூடுவது காலின் கோணத்தை ஏறத்தாழ ஒரு டிகிரி மாற்றிவிடுகிறது.

அரங்கில் இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகரும் பிளாஸ்டிக் துண்டு கொண்ட ஆக்ஸ்ஃபோர்டு முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் கைக்கருவியால் சமன்செய்யும் முறை அதில்தான் மிகத் தெளிவாக இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்ஃபெலோ என்ற அறுவை மருத்துவரும் ஜான் ஓகானர் என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது அது. 1976இல் முதலில் பயன்படுத்தினார்கள். உட்பக்கத்துக்கு மட்டும் வைக்கும் பழக்கம் 1982இல் தொடங்கியது. பிளாஸ்டிக் துண்டு 3 மில்லிமீட்டரிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூடிக்கொண்டே போகும் அளவுகளில் வருகிறது.

மூட்டைத் திறந்ததும் முதல் வேலை, ஓரங்களில் வளர்ந்திருக்கும் எலும்பு முட்களை எடுப்பது. உட்பக்கத் தசைநாருக்கு அடியில் அந்த முட்கள் முட்டிக்கொண்டு அதை விறைப்பாக வைத்திருக்கும். அவற்றை எடுக்காமல் அளந்தால் எந்த அளவும் பொய்யாகிவிடும். பிறகு கணைக்கால் எலும்பின் மேல்தளத்தில் ஒரு மெல்லிய சீவலை அறுத்து எடுப்பார்கள். பின்னோக்கி 7 டிகிரி சாய்வு அதற்கு வைக்கப்படும். அடுத்துத் தொடையெலும்பின் பின்பக்கத்தை அறுத்துவிட்டு, கீழ்முனையை ஒரு சுற்று மட்டும் அரைப்பார்கள்.

இப்போதுதான் அளவுகோல்கள் வரும். தட்டையான சின்ன உலோகக் கரண்டிகள் போன்றவை, ஒவ்வொன்றின் பிடியிலும் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். முழங்காலை 90 டிகிரி மடக்கி வைத்துக்கொண்டு மருத்துவர், "நான்கு" என்பார். எடுத்துக்கொடுப்போம். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அதை இடைவெளியில் நுழைப்பார். நுழைக்கும்போது தள்ளவேண்டி இருக்கக் கூடாது. உள்ளே போனபின் சாய்ந்து ஆடவும் கூடாது. எளிதாக வழுக்கிப் போய், எளிதாக வழுக்கி வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் சதையை விலக்கிப் பிடித்திருக்கும் கொக்கிகளைக் கழற்றிவிடச் சொல்வார்கள். கொக்கி இழுத்துக்கொண்டிருந்தால் அந்த இழுப்பே இடைவெளியைக் குறுக்கிக் காட்டும்.

நான்கு சரியாக இருந்தால் அந்த அளவுகோலை முதலில் வெளியே எடுத்துவிட்டுத்தான் காலை நீட்ட வேண்டும். உள்ளேயே விட்டுவிட்டு நீட்டினால், அந்தக் கட்டத்தில் நீட்டிய நிலையின் இடைவெளி குறைவாக இருப்பதால் தசைநார் இழுபட்டுச் சேதமாகலாம். காப்பாற்ற வந்த தசைநாரையே கெடுத்துவிடும் செயல் அது. பிறகு காலை 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மறுபடியும் அளப்பார்கள். முழுவதும் நீட்டாமல் ஏன் 20 டிகிரி? முழுவதும் நீட்டும்போது மூட்டின் பின்பக்க உறை விறைத்துக்கொள்கிறது. அது விறைத்தால் தசைநாரின் உண்மையான நிலை மறைந்துவிடும். அந்த அளவை நம்பி அரைத்தால், கொஞ்சம் மடக்கிய எல்லா நிலைகளிலும் மூட்டு தளர்ந்து கிடக்கும்.

மடக்கியபோது 4, நீட்டியபோது 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 3. அப்படியானால் தொடையெலும்பின் கீழ்முனையில் இன்னும் 3 மில்லிமீட்டர் அரைக்க வேண்டும். அரைக்கும் கருவி அதற்குமேல் இறங்காதபடி தடுக்கும் ஒரு சிறு முளையை எலும்பில் பதிப்பார்கள். முளையிலும் எண் உண்டு. அரைத்துவிட்டு மறுபடியும் இரண்டு நிலைகளிலும் அளப்பார்கள். நான்கு இங்கும் வழுக்க வேண்டும், அங்கும் வழுக்க வேண்டும். மூன்று போதவில்லை என்றால் இன்னும் ஒன்று அரைக்கலாம். ஆனால் கூடுதலாக அரைத்துவிட்டால் எலும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. நல்ல மருத்துவர்கள் இந்த இடத்தில் அவசரப்படுவதே இல்லை. அரங்கில் எல்லோருடைய பேச்சும் நின்றுபோகும் நேரம் அது.

கடைசியில் உலோகப் பாகங்களைச் சிமெண்டு வைத்துப் பொருத்தும்போதும் காலை 45 டிகிரி மடக்கத்தில் அசையாமல் பிடித்திருப்பார்கள். முழுவதும் நீட்டி அழுத்தினால் கீழ்த்தட்டு ஒருபக்கம் சாய்ந்துவிடலாம். அதுவரை அளந்ததெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் வீணாகிவிடும்.

தவறினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். துண்டு தேவைக்கு மேல் தடித்தால் மூட்டின் உட்பக்கம் தூக்கப்பட்டு, உடலின் பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறும். அங்கே இருக்கும் நல்ல குருத்தெலும்பு தேயத் தொடங்கி, சில ஆண்டுகளில் முழு மாற்றுக்குப் போக வேண்டிவரலாம். உட்பக்கத் தசைநார் விறைப்பாகவே இருந்து வலி தருவதும் உண்டு. துண்டு மெலிந்துவிட்டால் மூட்டு தளர்ந்து, நகரும் வகைத் துண்டு இடம்பெயர்ந்து வெளியே வந்துவிடக்கூடும். நகராமல் பதிக்கப்பட்ட வகையில் அந்த ஆபத்து இல்லை. அந்த வகையில் பல மருத்துவர்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தளர்வை வேண்டுமென்றே விடுவார்கள். இறுக்கமா தளர்வா என்று ஒரு பக்கம் சாயவேண்டி வந்தால், இறுக்கத்தைவிடச் சிறு தளர்வே பரவாயில்லை என்பது அவர்கள் கணக்கு. நகரும் வகையில் அந்தச் சலுகை குறைவு. ஆகவே உங்கள் அம்மாவுக்கு எந்த வகையை வைக்கப்போகிறார்கள் என்பதையும் கேளுங்கள். துல்லியம் எவ்வளவு வேண்டும் என்ற கேள்விக்கு அந்த இரண்டு வகைக்கும் ஒரே பதில் கிடையாது.

இனி ரோபோவுக்கு வருகிறேன். ரோபோ என்றதும் இயந்திரம் தானாக அறுவை செய்கிறது என்று நம் மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பின் வடிவத்தைக் கணினியில் ஏற்றிக்கொள்ளும் முறை ஒன்று. ஸ்கேன் இல்லாமல் அரங்கிலேயே எலும்பின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுப் பதிவு செய்துகொள்ளும் முறை இன்னொன்று. இரண்டிலும் தொடையெலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் ஆணிகள் பதித்து, அவற்றில் அடையாளக் குமிழ்களை மாட்டுவார்கள். கால் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கேமரா அவற்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கும்.

பிறகு எலும்பு முட்களை எடுத்துவிட்டு, மருத்துவர் காலை நீட்டிய நிலையிலிருந்து மெல்ல மெல்ல மடக்குவார். மடக்கிக்கொண்டே காலை வெளிப்பக்கமாகத் தள்ளி, தேய்ந்த உட்பக்கம் திறக்கும்படி பிடித்திருப்பார். ஒவ்வொரு கோணத்திலும் இடைவெளி எவ்வளவு என்று திரையில் ஒரு வரைகோடு ஓடும். இது கைமுறையில் கிடைக்காத தகவல். கைமுறையில் இரண்டு நிலைகளில்தான் அளக்கிறோம், இங்கே நடுவில் இருக்கும் கோணங்களும் தெரிகின்றன. படி இறங்கும்போதும் தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போதும் பாரம் விழுவது அந்த நடுக்கோணங்களில்தான். ஓர் அறுப்பும் போடுவதற்கு முன்பே, பாகத்தை அரை மில்லிமீட்டர் இப்படி நகர்த்தினால் வரைகோடு எப்படி மாறும் என்று திரையில் பார்த்துக்கொள்ளலாம். திட்டம் முடிவானதும், அரைக்கும் கருவியை மருத்துவர் பிடித்துக்கொள்வார். திட்டத்தின் எல்லையைத் தாண்டினால் கருவி நின்றுவிடும் அல்லது கையைத் தடுக்கும்.

இது எவ்வளவு துல்லியம்? அமெரிக்காவில் ரோபோ உதவியோடு செய்த 52 பகுதி மாற்றுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். நீட்டிய நிலையிலிருந்து 110 டிகிரி மடக்கம்வரை ஐந்து கோணங்களில், திட்டமிட்ட சமநிலைக்கும் கடைசியில் கிடைத்த சமநிலைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்தார்கள். சராசரி வேறுபாடு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். 83 விழுக்காட்டில் ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கியது. சிறப்பான எண்கள்தான். ஆனால் இந்த ஆய்வு எதை அளந்தது என்பதைக் கவனியுங்கள். திட்டம் எவ்வளவு சரியாக நிறைவேறியது என்பதை அளந்தது. திட்டமே சரியானதா என்பதை அளக்கவில்லை.

நான் பேச விரும்பியதும் இந்த இடத்தைத்தான். அந்த வரைகோடு எங்கிருந்து வந்தது? மருத்துவர் காலைத் தள்ளிப் பிடித்த வலிமையிலிருந்து. பெரும்பாலான ஏற்பாடுகளில் அவர் எவ்வளவு வலிமையோடு தள்ளினார் என்பதை இயந்திரம் அளப்பதில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினால் தசைநார் நீண்டு, இடைவெளி பெரிதாகத் தெரியும். அதற்கேற்பத் திட்டம் போட்டால் மூட்டு இறுகிவிடும். மெல்லத் தள்ளினால் நேர்மாறு. இயந்திரமோ இரண்டு திட்டத்தையும் ஒரே துல்லியத்தோடு நிறைவேற்றிக் கொடுக்கும். தவறான இலக்கை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அடைந்து என்ன பயன்? தசைநாரின் இயல்பான இறுக்கம் எது என்பதை விரலில் உணரத் தெரிந்த மருத்துவரின் கையில் ரோபோ மிக நல்ல கருவி. அந்த உணர்வு இன்னும் வராத கையில் அது நம்பிக்கையை மட்டும் கூட்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 139 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கல்போல இரு குழுவாகப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ரோபோ கை, இன்னொரு குழுவுக்கு வழக்கமான கைக்கருவிகள். பாகங்கள் இலக்கிலிருந்து 2 டிகிரிக்குள் அமைவதில் ரோபோ குழு தெளிவாக முந்தியது. கணைக்கால் எலும்புத் தட்டின் முன்பின் சாய்வை மட்டும் பார்த்தால், ரோபோ குழுவில் 80 விழுக்காட்டினருக்கும் மற்றதில் 22 விழுக்காட்டினருக்கும் அந்த எல்லைக்குள் அமைந்தது. அதே நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வலியிலும் நடமாட்டத்திலும் மொத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அறுவைக்கு முன்பே மிகச் சுறுசுறுப்பாக இருந்தவர்களில் மட்டும் ரோபோ குழு சற்று முன்னே நின்றது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரோபோ குழுவுக்கு வைத்தது பதித்த வகை, மற்றவர்களுக்கு வைத்தது நகரும் வகை. ஆகவே அது ரோபோவுக்கும் கைக்கும் இடையிலான ஒப்பீடு மட்டும் அல்ல.

ரோபோவுக்கு எதிராகப் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லையைத் தாண்டாமல் சீவுவதும், ஒவ்வொரு கோணத்தின் இடைவெளியையும் கண்ணால் காட்டுவதும் உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் நேரம் கூடும், ஆணி பதித்த இடத்தில் அரிதாக எலும்பில் விரிசல் விழலாம், செலவும் கூடும். வீட்டை அடகு வைத்து வாங்கவேண்டிய துல்லியம் அது இல்லை என்பதுதான் என் தீர்மானம்.

அனுபவத்தைப் பற்றிய தரவு இதைவிட உறுதியாக இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேட்டில் கிடைத்த விவரங்களைப் பல முறை ஆராய்ந்திருக்கிறார்கள். பகுதி மாற்றை எப்போதாவது ஒன்று செய்யும் மருத்துவர்களிடம் மறு அறுவை கூடுதலாக இருக்கிறது. தாங்கள் மாற்றும் முழங்கால்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பகுதி மாற்றாகச் செய்பவர்களிடம் முடிவுகள் தெளிவாக மேம்பட்டிருக்கின்றன. எனவே இரண்டு மருத்துவர்களிடமும் இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், ஆண்டுக்கு எத்தனை பகுதி மாற்று செய்கிறீர்கள்?" நம் ஊரில் மருத்துவரிடம் இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று பெரியவர்கள் நினைப்பார்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

சமநிலையைவிட முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மாவின் முழங்கால் பகுதி மாற்றுக்கு உரியதுதானா? நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே இல்லாமல் யாராவது முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தேய்மானம் கணைக்கால் எலும்பின் முன்பக்கத்தோடு நின்றிருந்தால், முன் சிலுவைத் தசைநார் வேலை செய்கிறது என்று பொருள். பின்பக்கம்வரை பரவியிருந்தால் அது கெட்டுப்போயிருக்கலாம். அப்படியானால் எந்தச் சமநிலையும் நிற்காது. காலை வெளிப்பக்கமாகத் தள்ளிப் பிடித்து ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் உட்பக்க இடைவெளி நன்றாகத் திறந்து, வெளிப்பக்கக் குருத்தெலும்பு முழுத் தடிமனோடு தெரிய வேண்டும். திறக்கவில்லை என்றால் தசைநார் சுருங்கிவிட்டது என்று பொருள், பகுதி மாற்று பொருந்தாது. முடக்குவாதம் போன்ற அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் இது ஆகாது. பருமனாக இருக்கிறார் என்பதற்காகவே மறுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 1989இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு பழைய விதி 82 கிலோவுக்கு மேல் கூடாது என்றது. பிந்திய ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை.

உறவினர்கள் யாராவது, "பாதி எதற்கு, முழுவதையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பிரிட்டனில் 528 நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் இரண்டுக்கும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. செலவு பகுதி மாற்றில் குறைவு. பதிவேடுகளைப் பார்த்தால், பகுதி மாற்றில் மறு அறுவை கூடுதல், ஆனால் உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் குறைவு. இரண்டையும் மருத்துவர் அம்மாவிடமே நேரில் சொல்ல வேண்டும். உங்களிடம் மட்டும் சொல்லிவிட்டு அம்மாவைக் கையெழுத்துக்கு அழைக்கக் கூடாது.

அறுவை முடிந்த பிறகு கால் இன்னும் கொஞ்சம் வளைவாகவே இருக்கிறதே என்று வீட்டில் பதறுவார்கள். இப்படிப் பதறி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு இளமையிலேயே கால் லேசாக வளைந்திருந்தால், சமநிலை சரியாக அமைந்த கால் அந்த வளைவோடுதான் இருக்கும். தராசு முள்போல நேராக நிமிர்ந்துவிட்டால்தான் கவலைப்பட வேண்டும், அளவுக்கு மேல் தூக்கிவிட்டார்கள் என்று. பொதுவாக அன்றைக்கோ மறுநாளோ நடக்கவிடுவார்கள். முழு மாற்றைவிட இதில் மடக்கம் கூடுதலாகக் கிடைக்கும். பத்துமலையின் 272 படிகளை மறுபடியும் ஏறவேண்டும் என்று ஆசைப்பட்டால் அது நடக்கக்கூடிய ஆசைதான், தொடைத் தசைப் பயிற்சியை விடாமல் செய்தால். குந்தும் கழிப்பறையை மட்டும் அறுவைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே தேதி குறியுங்கள். கட்டுக்கு அடங்காத சர்க்கரை, கிருமித் தொற்றுக்கு வழிவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவெடுப்பதற்கு முன், சுங்கை சிப்புட்டின் அரசாங்கக் கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கி ஈப்போ பொது மருத்துவமனையின் எலும்புப் பிரிவையும் பாருங்கள். காத்திருக்க வேண்டிவரும். ஆனால் தேய்மானம் என்பது இன்றைக்கே அறுக்க வேண்டிய நோய் இல்லை. மூட்டுப் பாகத்துக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னால், மருத்துவமனையின் சமூகநலப் பிரிவு அதிகாரியைப் பாருங்கள். வசதி குறைந்தவர்களுக்கு உதவும் தாபுங் பந்துவான் பெருபாத்தான் என்ற சுகாதார அமைச்சின் நிதிக்கு விண்ணப்பிக்கும் வழியை அவர் சொல்வார்.

மருத்துவரிடம் போகும்போது எத்தனை செய்கிறீர்கள் என்பதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் எழுதிக்கொண்டு போங்கள். நகரும் வகையா, பதித்த வகையா? அறுவையின்போது சமநிலையை எந்தெந்தக் கோணத்தில் சோதிப்பீர்கள்? கைமுறைக்காரர் 90 டிகிரியையும் 20 டிகிரியையும் தயங்காமல் சொல்ல வேண்டும். ரோபோக்காரரிடம், தசைநாரை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள் என்று கேளுங்கள். "இயந்திரம் பார்த்துக்கொள்ளும்" என்ற பதில் வந்தால் மற்றவரிடம் போங்கள்.

அறுவை முடிந்ததும், வைத்த பாகங்களின் பெயரும் அளவும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகளை மருத்துவக் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். துண்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அதில் இருக்கும். வீடு திரும்பும் நாளில் அதன் நகலைக் கேட்டு வாங்கி, அம்மாவின் அடையாள அட்டை நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் வேறு மருத்துவமனையில் இந்த முழங்காலைப் பார்க்க நேர்ந்தால், அவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.